நிலத்திலிருந்து தொடங்குங்கள்: இன்றைய உலகக் கட்டடக்கலையைச் சமூக, அரசியல் பின்னணியோடு படிக்க ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் வீடுகளுக்குப் பிளான் போட்டு, நகராட்சி ஒப்புதல் வாங்கித் தருவது என் தொழில். திருநெல்வேலியிலிருந்து வந்து பதினான்கு வருடமாகிறது. சனிக்கிழமை சாயங்காலம் கோயில் கூடத்தில் ஏழெட்டுப் பேர் கூடி இன்றைய உலகக் கட்டடக்கலையைப் படிக்கிறோம். கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், ஒரு கொத்தனார், மீதிப் பேர் என்னைப் போல ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். புதிதாகச் சேருகிறவர்கள் முதல் நாளே கேட்பது, "எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" என்றுதான். அவர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகியதை இங்கே எழுதிவைக்கிறேன்.

நான் படித்த கல்லூரியில் கட்டடக்கலை வரலாறு என்றால் படம் காட்டுவது. திரையில் ஒரு கட்டடம் வரும். வடிவமைத்தவர் பெயர், வருடம், பாணி மூன்றையும் எழுதிக்கொள்வோம். அடுத்த படம் வரும். அந்த இடத்தில் அதற்கு முன் யார் குடியிருந்தார்கள், யார் பணம் கொடுத்தார்கள், கட்டி முடித்தபின் உள்ளே போனவர்கள் என்ன ஆனார்கள் என்ற பேச்சு ஒருநாளும் வரவில்லை. நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். டர்பனுக்கு வந்து ஓர் ஆயா வீட்டில் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் அது எவ்வளவு பெரிய குறை என்று உறைத்தது.

முதலில் ஒரு வீட்டை அளந்து பாருங்கள்

அந்த ஆயாவின் பேத்தி என்னைக் கூப்பிட்டிருந்தாள். சமையல்கட்டைப் பின்பக்கம் நீட்டிக் கட்ட வேண்டும். 1960களில் கட்டிய இரட்டை வீடு. ஒரே கூரை, நடுவில் ஒரு பொதுச் சுவர், இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். சமையல்கட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் திரும்ப முடியாது. விளக்கேற்ற என்று தனி இடம் பிளானில் இல்லாததால் மாடிப்படிக்குக் கீழே, துணி பெட்டி வைக்க வேண்டிய பொந்தில், சாமிப் படங்களும் குத்துவிளக்கும் இருந்தன. வாசலில் ஒரு மலைவேம்பு. ஊரில் வேப்பிலைக்கு என்னென்ன வேலை உண்டோ அத்தனையும் இங்கே இந்த இலைக்குத்தான்.

நான் அளந்துகொண்டிருக்கும்போது ஆயா சொன்னார்: "கேட்டோ மேனர்ல எங்களுக்குப் பத்து மாமரம் இருந்துச்சு தம்பி. இங்க குடுத்தது ஒரு சுவரு, அதுலயும் பாதி பக்கத்து வீட்டுக்காரனுக்கு."

ஒரு வீட்டின் வெட்டுத்தோற்றத்தை, அதாவது நடுவே வெட்டிப் பார்த்தால் தெரிவதை, இதைவிடத் துல்லியமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஆகவே புத்தகத்தைத் திறக்கும் முன் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை இது. உங்கள் வீட்டையோ, நன்றாகத் தெரிந்த ஒருவர் வீட்டையோ டேப் வைத்து அளந்து, ஒரு தாளில் பிளான் போடுங்கள். அழகாக வர வேண்டும் என்பதில்லை. சுவர், கதவு, சன்னல், அடுப்பு, தண்ணீர்க் குழாய், கக்கூஸ், சாமி இடம் எல்லாம் எங்கே என்று குறியுங்கள். முதலில் கொடுக்கப்பட்டதை ஒரு நிறத்திலும், குடியிருந்தவர்கள் பிறகு சேர்த்ததை இன்னொரு நிறத்திலும் போடுங்கள். சாட்ஸ்வர்த்தில் எந்தத் தெருவில் இப்படிச் செய்தாலும் இரண்டாவது நிறம் தாளை நிரப்பிவிடும். முன்பக்கம் தூண் வைத்த வராந்தா, பக்கவாட்டில் கார் நிற்கும் இடம், பின்னால் மகனுக்கு ஒரு அறை. அந்த இரண்டு நிறத்துக்கும் நடுவே நீங்கள் படிக்க வேண்டிய வரலாறு முழுவதும் கிடக்கிறது.

அப்புறம் நிலம்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். எந்தக் கட்டடத்தை எடுத்தாலும், "இது வருவதற்கு முன் இங்கே என்ன இருந்தது, யார் இருந்தார்கள்?" என்று கேளுங்கள். பதில் கிடைக்காமல் அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள்.

ஆயா முன்பு குடியிருந்த, டர்பனின் கேட்டோ மேனரையே எடுத்துக்கொள்வோம். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்திறங்கிய 342 பேரோடு, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளின் வருகை தொடங்கியது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். ஒப்பந்தம் முடிந்தவர்களில் பலர் டர்பனைச் சுற்றி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தும் வாங்கியும் காய்கறி, வாழை பயிரிட்டார்கள். கேட்டோ மேனர் அப்படிப்பட்ட இடம். பிற்பாடு வேலை தேடி நகரத்துக்கு வந்த ஆப்பிரிக்கர்களும் அங்கே இந்தியர்களிடம் நிலம் வாடகைக்கு எடுத்துக் குடிசை போட்டார்கள். அவர்கள் அந்த இடத்தை உம்கும்பானே என்றார்கள். 1949 ஜனவரியில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் நடந்த கலவரத்தில் அதிகாரபூர்வக் கணக்குப்படி 142 பேர் செத்தார்கள். நம்மவர் வீடுகளில் இந்தக் கதையின் ஒரு பாதி மட்டும் சொல்லப்படும். வாடகை வாங்கியவர் யார், கொடுத்தவர் யார் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் மறுபாதி வரும்.

1950இல் இனவாரிப் பகுதிச் சட்டம் வந்தது. எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்று அரசு கோடு போட்டது. கேட்டோ மேனர் வெள்ளையருக்கு என்று அறிவிக்கப்பட்டது. ஆப்பிரிக்கர்கள் நகர ஓரத்துக் குடியிருப்புகளான குவாமாஷுவுக்கும் உம்லாசிக்கும் அனுப்பப்பட்டார்கள். இந்தியர்களில் பெரும்பாலோர் சாட்ஸ்வர்த்துக்கு வந்தார்கள். அந்தச் சாட்ஸ்வர்த்தும் காலி இடமாக இருந்ததில்லை. அங்கே வாழை போட்டிருந்த இந்திய விவசாயிகளிடமிருந்து பிடுங்கிய நிலமும் அதில் சேர்ந்தது. வீடிழந்தவர்களுக்கு வீடு கொடுக்க இன்னொருவரின் தோட்டம் போனது. ஆளை அகற்றிய கேட்டோ மேனரோ பல பத்தாண்டுகள் பெரும்பாலும் புதர் மண்டிக் கிடந்தது. கோயில்கள் மட்டும் நின்றன. பெல்லேர் சாலையில் உள்ள உம்பிலோ ஸ்ரீ அம்பலவாணர் ஆலயத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். உம்பிலோ ஆற்றங்கரையில் இருந்த பழைய கோயிலை 1905 வெள்ளம் கொண்டுபோனது. வெள்ளத்தில் மீட்ட கதவுகள் 1947இல் திறந்த இப்போதைய கோயிலுக்கு வந்தன. அந்த மரக்கதவின் முன் பத்து நிமிடம் நில்லுங்கள். ஆறு அடித்துப்போனது, பிறகு அரசு சுற்றியிருந்த தெருக்களைக் காலி செய்தது, இரண்டையும் பார்த்த கதவு அது.

சரி, இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொள்வது? மூன்று வழி சொல்கிறேன். ஒன்று, பத்திரம். குவாசூலு-நேட்டால் மாகாணத்துப் பத்திரப்பதிவு அலுவலகம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது. மனை எண் தெரிந்தால் அது யார் யார் கைமாறி வந்தது என்று தேடலாம். ஊரில் வில்லங்கம் பார்ப்பது போலத்தான். இரண்டு, வானிலிருந்து எடுத்த படங்கள். கேப்டவுனின் மோப்ரேயில் உள்ள அரசு நில அளவைத் துறையிடம் 1930களிலிருந்து எடுத்த படங்கள் இருக்கின்றன. ஒரே இடத்தின் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் பேச்சே தேவையில்லை. தோட்டப் பாத்திகள் ஒரு படத்தில் தெரியும், அடுத்த படத்தில் அவை இருக்காது. மூன்று, வயதானவர்கள். அவர்களிடம் "கட்டடக்கலை பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள். "தண்ணி எங்கிருந்து எடுத்தீங்க? கல்யாணம் எங்க நடந்துச்சு? லாரி வந்த அன்னைக்கு எதை எடுத்துட்டு வந்தீங்க, எதை விட்டுட்டு வந்தீங்க?" என்று கேளுங்கள். அந்தச் சமையல்கட்டு ஆயா அம்மிக்கல்லை எடுத்துவந்தார். உரலை விட்டுவிட்டு வந்தார். அது மண்ணில் புதைத்திருந்தது.

சட்டத்தைப் பிளானுக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்

சட்டம் என்றதும் வக்கீல் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் சட்டம் நேராகச் சுவராகவும் சாலையாகவும் ஆகியிருக்கிறது. டர்பன் வரைபடத்தில் சாட்ஸ்வர்த்தைப் பாருங்கள். ஒரு பக்கம் வெள்ளையர் புறநகர், மறுபக்கம் ஆற்றைத் தாண்டி ஆப்பிரிக்கர்களுக்கான உம்லாசி, நடுவில் இந்தியர்கள். நம்மை ஒரு தடுப்பாக வைத்தார்கள். அந்த வரைபடத்தில் ஆறும் நெடுஞ்சாலையும் ரயில்பாதையும் காலி நிலமும் வேலியின் வேலையைச் செய்கின்றன. 2021 ஜூலைக் கலவரத்தில், டர்பனின் இன்னொரு இந்தியர் குடியிருப்பான ஃபீனிக்ஸில் 30க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டபோது நான் முதலில் எடுத்துப் பார்த்தது அந்தப் பகுதியின் வரைபடத்தை. எந்தச் சாலை எந்தக் குடியிருப்பை எதிலிருந்து பிரிக்கிறது என்று ஐம்பது வருடம் முன்பு யாரோ ஒருவர் மேசையில் வரைந்திருக்கிறார். கொலை செய்தவர்களின் பொறுப்பு அதனால் ஒரு துளியும் குறையாது. ஆனால் அந்தக் கோட்டைப் படிக்காமல் அந்த ஜூலையைப் பேசுவது சரியல்ல.

கோடு போட்டவர்களும் படித்தவர்கள்தான். ஆப்பிரிக்கர் குடியிருப்புகள் எங்கும் ஒரே மாதிரி நிற்கும் நான்கு அறை வீட்டுக்கு 'என்இ 51/6' என்று பெயர். 51 என்பது 1951. என்இ என்றால் ஐரோப்பியர் அல்லாதவர். சுமார் 40 சதுர மீட்டர். வெளிச்சம், காற்றோட்டம், செலவு எல்லாம் ஆராய்ந்து போட்ட பிளான் அது. பிளானை மட்டும் பார்த்தால் சிக்கனமான, யோசித்துச் செய்த வேலை என்றே சொல்லத் தோன்றும். அதில் குடியிருப்பவர் அந்த நிலத்தைச் சொந்தமாக வைத்துக்கொள்ள முடியாது என்பதும், வேலைக்குப் போகப் பல மைல் பயணம் என்பதும் பிளானில் தெரியாது. அதனால்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்கிறேன்.

இப்போது சிங்கப்பூர் போகலாம். நம் குழுவில் பாதிப் பேருக்கு அங்கே உறவினர் இருப்பார்கள். 1960இல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளில்தான் அந்நாட்டு மக்களில் பெரும்பான்மையோர் வசிக்கிறார்கள். 1989 முதல் ஒவ்வொரு பிளாக்கிலும் வட்டாரத்திலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் இவ்வளவு வீடுதான் வைத்திருக்கலாம் என்று உச்சவரம்பு உண்டு. ஒரு அரசு இனங்களைப் பிரித்துக் குடிவைக்க வரம்பு போட்டது. இன்னொரு அரசு இனங்களைக் கலந்து குடிவைக்க வரம்பு போடுகிறது. இரண்டும் ஒன்று என்று சொல்லிவிடாதீர்கள். சிங்கப்பூரில் வீட்டை விற்கப் போகும் தமிழர் ஒருவருக்கு வரம்பு நிரம்பியதால் வாங்க ஆள் குறைகிறது என்றால், அதுவும் உண்மையான சிரமம்தான். அதை அபார்ட்ஹைட்டின், அதாவது தென்னாப்பிரிக்க இன ஒதுக்கல் ஆட்சியின், லாரியோடு ஒப்பிட முடியாது. எங்கே ஒன்று, எங்கே வேறு என்று பிரித்துச் சொல்லப் பழகுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

பணம் யாருடையது?

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஜோகானஸ்பர்க்கில் 2001இல் திறந்த அபார்ட்ஹைட் அருங்காட்சியகம், சூதாட்ட விடுதிக்கு உரிமம் வாங்கியவர்கள் அந்த உரிமத்தின் நிபந்தனைக்காகக் கட்டிக்கொடுத்தது. பக்கத்திலேயே கேளிக்கைப் பூங்கா. நுழைவுச் சீட்டிலேயே 'வெள்ளையர்', 'வெள்ளையர் அல்லாதவர்' என்று பிரித்துத் தனித்தனி வாசலில் அனுப்புகிறார்கள்; உள்ளே போய்வந்தவர்கள் அதை மறப்பதில்லை. பணம் வந்த வழியைத் தெரிந்துகொண்டால் அந்தக் கட்டடத்தின் மேல் மதிப்புக் குறையும் என்று நினைக்காதீர்கள். அது ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்று புரியும், அவ்வளவுதான்.

சிலி நாட்டில் இக்கிக்கே நகரத்தின் கின்டா மோன்ராய் குடியிருப்பு, 2004. முப்பது வருடமாக நகர நடுவில் உரிமையில்லாத நிலத்தில் இருந்த சுமார் நூறு குடும்பங்கள். அரசு மானியம் ஒரு குடும்பத்துக்கு 7,500 டாலர். அந்தப் பணத்துக்கு முழு வீடு வேண்டுமென்றால் ஊருக்கு வெளியே போக வேண்டும். அலெஹாந்த்ரோ அரவேனாவின் எலெமென்டல் குழு பணத்தை நடு நகரத்து நிலத்துக்குச் செலவழித்து, பாதி வீட்டை மட்டும் கட்டியது. மீதிப் பாதிக்கு இடம் விட்டது. குடும்பங்கள் காசு சேரச் சேரக் கட்டிக்கொண்டார்கள். இதற்குப் பாராட்டும் உண்டு, ஏழையிடம் பாதி வேலையைத் தள்ளிவிட்டார்கள் என்ற கண்டனமும் உண்டு. நான் பாராட்டுகிற பக்கம். சாட்ஸ்வர்த்தில் யாரும் இடம் விடாமலேயே மக்கள் மீதியைக் கட்டிக்கொண்டதைத் தினமும் பார்க்கிறேன். முன்பே இடம் விட்டிருந்தால் எத்தனை சுவரை இடிக்காமல் இருந்திருக்கலாம்! 1994இல் அபார்ட்ஹைட் முடிந்த பிறகு தென்னாப்பிரிக்க அரசு லட்சக்கணக்கில் இலவச வீடுகள் கட்டிக்கொடுத்தது. பெரிய சாதனை. ஆனால் மலிவான நிலம் தேடிப் பெரும்பாலும் நகர ஓரத்திலேயே கட்டியதால், பழைய அரசு போட்ட கோட்டின் மேலேயே புது வீடும் போய் உட்கார்ந்துகொண்டது.

கைகளைக் கணக்கில் எடுங்கள்

புர்கினா ஃபாசோவின் காண்டோ கிராமத்துப் பள்ளிக்கூடம், 2001. அந்த ஊர்க்காரரான ஃபிரான்சிஸ் கேரே, ஜெர்மனியில் மாணவராக இருந்தபோதே பணம் திரட்டிக் கட்டியது. களிமண்ணில் கொஞ்சம் சிமெண்ட் கலந்த செங்கல், சுவருக்கு மேலே இடைவெளி விட்டுத் தூக்கி வைத்த தகரக் கூரை. சூடு மேலே போய்விடும். ஊர் மக்களே மண் சுமந்தார்கள், தரை இடித்தார்கள். 2022இல் கட்டடக்கலையின் உயரிய பரிசான பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவர். எங்கள் கொத்தனார் அண்ணன் இந்தப் பள்ளிக்கூடப் படத்தைப் பார்த்ததும், "கூரை இரும்பை யாரு வெல்டிங் பண்ணா? ஊர்க்காரங்களா, வெளியாளா?" என்று கேட்டார். சாதாரணக் கம்பியும் கைரம்பமும் சிறு வெல்டிங் கருவியும் போதும் என்று யோசித்து, ஊர்க்காரர்களுக்கே சொல்லிக்கொடுத்துச் செய்தது அது. எந்தக் கட்டடத்துக்கும் அந்த அண்ணன் கேட்ட கேள்வியைக் கேளுங்கள். வளைகுடா நாட்டுக் கோபுரங்களைப் படிக்கும்போது அவசியம் கேளுங்கள். பாஸ்போர்ட்டை முதலாளியிடம் கொடுத்துவிட்டுக் கம்பி கட்டியவர்கள் நம் ஊர்க்காரர்கள்.

திறப்பு விழாவுக்குப் பிறகு

பத்திரிகைப் படங்கள் திறப்பு விழாவோடு நின்றுவிடும். நாம் அங்கிருந்துதான் பார்க்க ஆரம்பிக்க வேண்டும்.

இப்போது கெபெர்ஹா என்று பெயர் மாறிய போர்ட் எலிசபெத்தின் நியூ பிரைட்டன் பகுதியில் ரெட் லொகேஷன் என்று ஒரு பேட்டை. அங்கிருந்த தகர வீடுகள் துருப்பிடித்துச் சிவந்ததால் வந்த பெயர். அபார்ட்ஹைட்டுக்கு எதிரான போராட்டத்தில் பேர்போன இடம். 2006இல் அங்கே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். வடிவமைத்தது ஜோ நோயரோவின் அலுவலகம். தொழிற்சாலை போன்ற பல்வரிசைக் கூரை. உள்ளே துருப்பிடித்த இரும்பு போர்த்திய 12 பெரிய நினைவுப் பெட்டிகள். பிரிட்டனின் லுபெட்கின் கட்டடக்கலைப் பரிசு அதே வருடம் கிடைத்தது. புத்தகங்களில் எல்லாம் படம் வந்தது. 2013 அக்டோபரில் அந்தப் பேட்டை மக்களே மறியல் செய்து அருங்காட்சியகத்தை மூட வைத்தார்கள். அவர்கள் கேட்டது வீடு. கட்டிக்கொடுத்த வீடுகளும் ஒழுங்காக இல்லை என்றார்கள். வருடக்கணக்கில் மூடியே கிடந்தது, உள்ளே திருட்டும் போனது.

இதை வைத்துக் குழுவில் இரண்டு சனிக்கிழமை சண்டை போட்டோம். கட்டடம் மோசம் என்று ஒரு கட்சி. கட்டடம் நல்லது, அரசு மோசம் என்று ஒரு கட்சி. ஆசிரியை அக்கா கடைசியில் ஒன்று சொன்னார்: தன் துயரத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்ட இவ்வளவு பணம் இருக்கும்போது, அந்தத் துயரத்தில் இன்னும் இருக்கிறவளுக்குக் கோபம் வராதா? எனக்கு அந்தக் கட்டடம் பிடிக்கும். அக்கா சொன்னதும் சரி. இரண்டையும் நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன்.

இதே கண்ணோடு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து ப்ரூயிட்-ஐகோவைப் பாருங்கள். 33 அடுக்குமாடிகள், 1950களின் நடுவில் கட்டி, 1972இல் வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கினார்கள். நவீனக் கட்டடக்கலை தோற்றதற்குச் சாட்சி என்று அந்தப் புழுதிப் படத்தைப் பல பேர் காட்டுவார்கள். பராமரிப்புச் செலவை ஏழைகளின் வாடகையிலிருந்தே எடுக்க வேண்டியிருந்தது, நகரத்திலிருந்து வேலையும் வெள்ளையரும் வெளியேறிக்கொண்டிருந்தார்கள் என்பது படத்தில் வராது. பிரான்சின் போர்தோ நகரத்தில் அதே தலைமுறைக் கட்டடங்களை கட்டடக் கலைஞர்களான லக்காட்டோன், வஸ்ஸால் இருவரும் சக கலைஞர்களோடு சேர்ந்து வேறு மாதிரி கையாண்டார்கள். கிராண்ட் பார்க் குடியிருப்பின் 530 வீடுகளில் ஒன்றைக்கூட இடிக்கவில்லை. வெளிப்பக்கம் ஒரு கண்ணாடித் தாழ்வாரத்தை ஒட்டவைத்தார்கள். வேலை நடக்கும்போது மக்கள் வீட்டிலேயே இருந்தார்கள். லண்டனின் கிரென்ஃபெல் டவருக்கும் வெளிப்பக்கம் ஒன்றை ஒட்டினார்கள். அது தீப்பிடிக்கும் பொருள். 2017 ஜூன் 14 அன்று 72 பேர் செத்தார்கள். இரண்டு கட்டடத்திலும் பழைய சுவருக்கு மேல் ஒரு புதுத் தோல்தான். அதை யாருக்காக, யாரைக் கேட்டு, எந்த விலைக்கு ஒட்டினார்கள் என்பதைத் தேடி எழுதுங்கள். ஒரு மாதப் பாடம் அது.

ஜோடி சேர்த்துப் படியுங்கள்

தனிக் கட்டடத்தை விட இரண்டு கட்டடம் அதிகம் சொல்லும். பிரிட்டோரியாவில் அரசுத் தலைமையகமான யூனியன் கட்டடங்களை 1913இல் முடித்த ஹெர்பர்ட் பேக்கர்தான் புது தில்லியின் தலைமைச் செயலகங்களையும் வடிவமைத்தார். பிரிட்டோரியாவில் இரண்டு சிறகுகள், ஆங்கிலேயருக்கும், டச்சு வழி வந்த வெள்ளையரான ஆப்பிரிக்கானருக்கும் நடந்த சமரசத்தின் அடையாளம். நாட்டின் பெரும்பான்மை மக்களுக்கு அந்த அடையாளத்தில் இடமே இல்லை. 2013 டிசம்பர் 16 அன்று அதன் முன்னால் ஒன்பது மீட்டர் உயர மண்டேலா சிலையாகக் கைவிரித்து நின்றார். தில்லியில் 2023இல் புது நாடாளுமன்றமே கட்டினார்கள். காலனிக் கட்டடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற ஒரே கேள்விக்கு இரண்டு நாடுகள் எழுதிய பதில்கள் இவை.

ஜோகானஸ்பர்க்கின் அரசியல் சாசன நீதிமன்றம் இன்னொரு பதில். காந்தியும் மண்டேலாவும் அடைபட்டிருந்த பழைய கோட்டைச் சிறை வளாகத்தில் 2004 மார்ச் 21 அன்று திறந்தது. வடிவமைத்தவர்களில் ஓர் அணி நம்ம டர்பன்காரர்கள், ஓஎம்எம் டிசைன் வொர்க்‌ஷாப். இடித்த விசாரணைக் கைதிகள் தொகுதியின் செங்கல்லை நீதிமன்றச் சுவருக்கே போட்டார்கள். அந்தத் தொகுதியின் மாடிப்படிகளை அப்படியே நிற்க விட்டார்கள். மரத்தடியில் நீதி சொல்லும் வழக்கத்தை நினைத்து முன்கூடத்துத் தூண்கள் சாய்ந்து நிற்கின்றன. நீதிபதிகள் உட்காரும் கூடத்தில் நீளமாக ஒரு சன்னல் பட்டை. அது வழியாக வெளியே நடந்து போகிறவர்களின் கால்கள் தெரியும். நான் போன அன்று பள்ளிப் பிள்ளைகளின் காலணிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது.

ஊரிலிருந்து வந்தவர்களுக்கு நான் கொடுக்கும் ஜோடி சாட்ஸ்வர்த்தும், சென்னையில் குடிசைவாசிகளை மாற்றிக் குடிவைத்த கண்ணகி நகரும். நகர நடுவிலிருந்து எடுத்து ஓரத்தில் வைப்பது, பேருந்து பள்ளிக்கூடம் வேலை மூன்றும் பின்தங்குவது, எண்ணால் அழைக்கப்படும் பிளாக்குகள் என்று ஒற்றுமைகள் மளமளவென்று வரும். அங்கே நிற்காமல் வித்தியாசத்தையும் எழுதுங்கள். இங்கே இனத்தின் பெயரால் சட்டம் போட்டு நடந்தது. அங்கே அப்படி ஒரு சட்டம் கிடையாது. ஆனால் கரையோரக் குடிசைகளில் யார் இருந்தார்கள், சாதிவாரியாகப் பார்த்தால் யார் அதிகம் என்று கேட்காமல் அந்த ஒப்பீடு முடியாது. மலையகத்து லயன் அறைகளையும் நேட்டால் கரும்புத் தோட்டத்துக் கூலி வரிசைகளையும் சேர்த்துப் படிக்க விரும்புகிறவர்களுக்கு அது தனி ஆறு மாத வேலை.

நோட்டும் காகிதமும்

ஒரு கட்டடத்துக்கு இரண்டு பக்கம் போதும். இடது பக்கம் நீங்கள் வரைந்த பிளான். வலது பக்கம் நிலம், சட்டம், பணம், கைகள், பிறகு நடந்தது. தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள், ஊகத்தால் நிரப்பாதீர்கள். அரசுக் காகிதம் தேவைப்பட்டால் தென்னாப்பிரிக்காவில் 2000ஆம் வருடத்துத் தகவல் பெறும் சட்டப்படி விண்ணப்பிக்கலாம். நம் ஊர்த் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் அண்ணன். டர்பன் டெர்பி தெருவில் 1860 பாரம்பரிய மையம் இருக்கிறது. குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழக வெஸ்ட்வில் வளாகத்தின் காந்தி-லுதுலி ஆவணக் காப்பகத்தில் புகைப்படங்களும் கடிதங்களும் உண்டு. அந்த வளாகமே ஒரு பாடம். 1961இல் இந்தியர்களுக்கென்று தனிக் கல்லூரி, துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில் பழைய கடற்படைக் கொட்டகைகளில் தொடங்கியது. பிள்ளைகள் படகில் போய்ப் படித்தார்கள். பிறகுதான் மலைமேல் வெஸ்ட்வில் வந்தது.

தமிழில் எழுதுங்கள் என்று பிடிவாதமாகச் சொல்வேன். 'டிஸ்பிளேஸ்மென்ட்' என்று எழுதினால் ஆயாவுக்குப் படித்துக்காட்ட முடியாது. 'லாரியில் ஏற்றி அனுப்பினார்கள்' என்று எழுதினால் அவரே இரண்டு இடத்தில் திருத்துவார். என்னைத் திருத்தினார். லாரி ஒன்றில்லை, இரண்டாம்.

அந்த வீட்டுச் சமையல்கட்டு இன்னும் நீளவில்லை. இந்த நாட்டு மரபுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டப்படி 60 வயது தாண்டிய கட்டடத்தை மாற்றத் தனி அனுமதி வேண்டும். சாட்ஸ்வர்த் திறந்தது 1964இல். முதல் வீடுகள் அந்த வயதைத் தாண்டிவிட்டன. கேட்காமல் கொடுத்த வீடு, இப்போது கேட்டுத்தான் கைவைக்க வேண்டிய மரபுச் சொத்து. விண்ணப்பத்தோடு 'இந்தக் கட்டடத்தின் முக்கியத்துவம்' என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். அதை ஆயாவும் பேத்தியும் நானும் சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம். மாமரத்தில் ஆரம்பித்திருக்கிறோம்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வெளிவேலை டர்பனின் வார்விக் சந்திப்பு. காய்கறி வியாபாரிகளின் அதிகாலைச் சந்தைக் கட்டடம் 1934இல் எழுந்தது. ஒப்பந்தக் கூலிகளின் பிள்ளைகளும் பேரன்களும் கீரை விற்ற இடம். 2009இல், 2010 கால்பந்து உலகக் கோப்பைக்கு முன்பு, அதை இடித்து மால் கட்டத் திட்டம் போட்டார்கள். வியாபாரிகள் போராடினார்கள், சந்தை இன்றும் நடக்கிறது. பக்கத்தில், பாதியில் நின்றுபோன நெடுஞ்சாலைப் பாலத்தின் மேலே மூலிகைச் சந்தை. சனிக்கிழமை காலை ஐந்தரைக்குப் போங்கள், தனியாகப் போகாதீர்கள். டேப், நோட்டு, சில்லறைக் காசு எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஏதாவது வாங்குங்கள். மூலிகைக் கடைகளைக் கேட்காமல் படமெடுக்காதீர்கள். ஒரு கடையின் மேசை நீளம், அகலம், உயரம், தார்ப்பாய் கட்டிய கயிறு எந்தத் தூணில் கட்டியிருக்கிறது, ராத்திரி சாமான் எங்கே போகிறது என்று கேட்டு எழுதுங்கள். அடுத்த சனிக்கிழமை அந்தத் தாளோடு வாருங்கள்.